கருவியையும் நார்மலில் வைப்போம்



பொங்கல் விழா, பட்டிமன்றம், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு என்று படித்துப் பழகிய இந்தப் பக்கங்களில், ஆசிலாஸ்கோப்பைப் பற்றியும் அதற்குள் இருக்கும் கோப்புகளைப் பற்றியும் ஒருவர் எழுத வந்திருக்கிறாரே என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். 1940-இல் எச்.ஏ.எல்., 1948-இல் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் பி.இ.எல். என்று பெங்களூரில் ஆலைகள் எழும்பிய காலத்திலிருந்தே, ஓசூர் எல்லையைத் தாண்டி வேலை தேடி வந்த நம்மவர்கள் பலர் ஸ்குரூ டிரைவரும் மீட்டரும் பிடித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பீன்யாவிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அதே வேலையை டிஜிட்டல் கருவிகளில் செய்கிறார்கள். எனவே இது நம் வீட்டு விஷயம்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் டெலிகாம் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். சீனியர் செக்‌ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்று, பெங்களூரிலேயே தங்கிவிட்டேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்தவர்களின் சிறு தொழிற்கூடங்களுக்குப் போய் ஆலோசனை சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன ஓர் ஆலோசனையால் ஒரு பையனின் வேலை போயிற்று. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தருமபுரிப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, ஒப்பந்த வேலையாக ஒரு தொழிற்கூடத்தில் பவர் சப்ளை போர்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் போன் செய்தான். “சார், அஞ்சு வோல்ட் வர்ற இடத்துல அரை வோல்ட்தான் காட்டுது. எல்லா போர்டுலயும் அப்படித்தான் வருது” என்றான். நான் காப்பி குடித்துக்கொண்டே, “தம்பி, யாரோ செட்டிங்கை மாத்தியிருப்பாங்க. மொத்தத்தையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோயிட்டு முதல்ல இருந்து ஆரம்பி” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போன். “சார், நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். ஆனா பழைய ஃபைல் ஒண்ணுமே காணோம் சார்.” குரல் நடுங்கியது. மெனுவுக்குள் போய்த் தேடியிருக்கிறான். அங்கே இருந்தவற்றில் எது ‘மொத்தம்’ என்று பார்த்து, நினைவகத்தை முழுவதும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறான். ஆறு வாரமாக ஒவ்வொரு போர்டுக்கும் எடுத்து வைத்திருந்த அலைவடிவங்கள் அந்தக் கருவிக்குள்தான் இருந்தன; வேறெங்கும் நகல் இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய பதிவுகள் அவை. இத்தனைக்கும் உண்மையான கோளாறு என்ன தெரியுமா? புரோபின் மேலிருக்கும் சிறிய சுவிட்ச் பத்து மடங்கில் இருந்தது. கருவியோ ஒரு மடங்கு என்று எண்ணிக்கொண்டிருந்தது. அதனால் ஐந்து வோல்ட் அரை வோல்ட்டாகத் தெரிந்தது. விரலால் தள்ளிச் சரிசெய்யும் விஷயம்!

நான் நேரில் போய், “சொன்னது நான், அவன் அல்ல” என்று முதலாளியிடம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த மாதம் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. கருவியை அதன் தொடக்க நிலைக்குத் திருப்புவது எப்படி, எதை எடுத்து வைத்த பிறகு திருப்புவது என்பதை நாம் யாருக்காவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறோமா? இல்லை என்பதே என் கருத்து.

ரயில்வேயில் இது முதல் பாடம். பழைய சிக்னல் கேபின்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக லீவர்கள் நிற்கும். ஒவ்வொரு லீவருக்கும் ‘நார்மல்’ என்றும் ‘ரிவர்ஸ்’ என்றும் இரண்டு நிலைகள். ரயிலை உள்ளே விட லீவரை இழுத்தால், ரயில் போனதும் அதை நார்மலுக்குத் திருப்ப வேண்டும். ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தும் சிக்னலின் நார்மல் என்பது ‘நில்’. கம்பி அறுந்தாலும் கைகாட்டி தானாகவே ‘நில்’ என்றுதான் விழும்படி எடை கட்டியிருப்பார்கள். ஆக, நார்மல் என்பது யாரோ போகிற போக்கில் வைத்த நிலை அல்ல. யாருக்கும் ஆபத்து வராத நிலை எது என்று யோசித்து வைத்த நிலை.

சோதனைக் கருவிகளிலும் இதே சிந்தனைதான். கம்ப்யூட்டர் வழியாகக் கருவிகளை இயக்குவதற்கு ஐ.இ.இ.இ. 488.2 என்ற தரம் 1987-இல் வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதில் சில பொதுக் கட்டளைகளை வகுத்தார்கள். நட்சத்திரக் குறி போட்டு ஆர்.எஸ்.டி. என்று எழுதினால், கருவி தன் தொடக்க நிலைக்குத் திரும்பும். மேசை மேலிருக்கும் பவர் சப்ளைகள் பெரும்பாலும் அந்தக் கட்டளை வந்ததும் வெளியீட்டை நிறுத்திவிடும். அதுதான் அதன் ‘நில்’ சிக்னல். அதே தரத்தில், இருக்கும் அமைப்பைச் சேமிக்க எஸ்.ஏ.வி., சேமித்ததைத் திரும்ப அழைக்க ஆர்.சி.எல். என்ற கட்டளைகளும் இருக்கின்றன. துடைக்கும் கட்டளையை எழுதியவர்களே பக்கத்தில் சேமிக்கும் கட்டளையையும் எழுதி வைத்தார்கள். நாம்தான் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்துவிட்டோம்.

நாங்கள் வேலை பழகிய காலத்து ஆசிலாஸ்கோப்பில் இந்தத் தொல்லை கிடையாது. எல்லாம் குமிழ்தான். எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தாலே போதும். நினைவகமும் இல்லை, திரையில் தெரிவதைக் கையால் வரைந்துகொள்வோம். இப்போது ஒரே குமிழ் பத்து வேலை செய்கிறது. முந்தைய ஆள் வைத்த அமைப்பு மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. பல கருவிகள் மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் அதை மறப்பதில்லை. நேற்று இரவு ஷிப்டுக்காரர் எதை மாற்றினார் என்பது இன்று காலை வருகிறவருக்குத் தெரியாது.

அதனால் நான்கு விஷயங்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, டீஃபால்ட் செட்டப். இது அளக்கும் அமைப்புகளை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். வழக்கமாகச் சேமித்த கோப்புகளைத் தொடாது, அளவுத்திருத்தத்தையும் தொடாது. ஆனால் ஒன்று: சில மாடல்களில் புரோபின் மடங்கு, தேதி, மொழி போன்றவை இதை அழுத்தினாலும் மாறுவதில்லை. ஆகவே டீஃபால்ட் அழுத்திவிட்டேன், இனி எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. முன்பக்கத்தில் இருக்கும் சதுர அலை முனையில் புரோபை மாட்டி, எழுதியிருக்கும் வோல்ட்டே திரையிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

இரண்டாவது, ஆட்டோசெட். இளைஞர்களுக்கு மிகவும் பிடித்த பொத்தான். இது தொடக்க நிலைக்குத் திருப்புவது அல்ல. அந்த நேரத்தில் உள்ளே வரும் சிக்னலைப் பார்த்து, திரையில் தெரிவதற்கு ஏற்றபடி கருவி தானே ஒரு யூகம் செய்துகொள்கிறது. புரோப் சரியாகத் தொடாமல் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சல் மட்டும் வந்தால், அதையே அழகாகப் பெரிதாக்கிக் காட்டிவிடும்.

மூன்றாவது, ஆலை நிலைக்கு முழுமையாகத் திருப்புவது. எதையெல்லாம் துடைக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இதற்கும் பொருந்தும்.

நான்காவது, நினைவகத்தை முழுவதும் அழிப்பது. பாதுகாப்புத் துறை வேலை நடக்கும் இடங்களிலிருந்து கருவி வெளியே போகும்போது, ரகசியம் கூடவே போகாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. அழித்தால் அழித்ததுதான், திரும்பி வராது.

அளவுத்திருத்தம் இந்த நான்கிலும் சேராது. கருவி காட்டும் ஒரு வோல்ட் உண்மையிலேயே ஒரு வோல்ட்தானா என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுச் சான்று தருவது அது. பீன்யாவிலேயே மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. அமைப்பின் கீழ் இயங்கும் ஈ.டி.டி.சி. ஆய்வகம் இந்த வேலையைச் செய்கிறது. டீஃபால்ட் பொத்தானை அழுத்திவிட்டு, “கேலிப்ரேட் பண்ணிட்டேன்” என்று சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.

இனி என் பழைய தவறு ஒன்று. தண்டவாளத்தின் ஓரமாகச் சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில் போகும் கண்ணாடி இழைக் கேபிள் ஒரு நாள் இரவு துண்டிக்கப்பட்டது. எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓ.டி.டி.ஆர். என்ற கருவி இருக்கிறது. இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும். கண்ணாடிக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். ஒளிவிலகல் எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். அந்தக் கேபிளுக்கு 1.468 என்று வைக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் கருவியை வாங்கிப் போனவர்கள் வேறெதற்கோ 1.500 என்று வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

கணக்கு எளிது. உண்மையில் 20 கிலோமீட்டரில் இருக்கும் அறுப்பைக் கருவி 19.57 கிலோமீட்டர் என்று காட்டும். ஏறத்தாழ 430 மீட்டர் வித்தியாசம். நடுராத்திரியில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், இரண்டு இடத்தில் தோண்டினோம். கேபிள் நன்றாகவே இருந்தது. ஆட்களின் கை கொப்பளித்துப் போயிற்று. விடியும் நேரத்தில் எங்கள் கலாசி ஒருவர்தான் கேட்டார்: “சார், இந்தப் பெட்டியைப் போன வாரம் வேற ஆளுங்க கொண்டுபோனாங்களே, அவங்க எதையாவது திருகி வச்சிருப்பாங்களோ?” எனக்குச் சுருக்கென்றது. நல்ல வேளையாக, கேபிள் போட்ட காலத்தில் எடுத்த பதிவுகள் லேப்டாப்பில் இருந்தன. அதில் ஒரு ஜாயின்ட் 10 கிலோமீட்டரில் இருக்க, அன்று கருவி அதை 9.79 என்று காட்டியது. எல்லா ஜாயின்டும் அதே விகிதத்தில் உள்ளே தள்ளி இருந்தன. பிறகென்ன, எண்ணைத் திருத்தினோம், இடத்தைக் கண்டுபிடித்தோம்.

அன்று எங்களைக் காப்பாற்றியது பழைய கோப்புதான். அந்தக் கோப்பு வகைக்கு எஸ்.ஓ.ஆர். என்று பெயர். அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனம் வகுத்த அமைப்பு. அதற்குள் அளவு மட்டும் இருப்பதில்லை. அளந்தபோது வைத்திருந்த ஒளிவிலகல் எண், அலைநீளம், துடிப்பின் அகலம் ஆகியவையும் சேர்ந்தே இருக்கும். இதுதான் சரியான வழி. எந்த அமைப்பில் எடுத்தது என்று தெரியாத அளவு, அளவே ஆகாது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்கருகில் தொலைந்தது நினைவிருக்கலாம். ஒரு குழு பவுண்டு அளவில் கொடுத்த எண்ணை இன்னொரு குழு நியூட்டன் அளவாக எடுத்துக்கொண்டது. எண் சரிதான், அது எந்த அளவில் என்பதுதான் கூடவே போகவில்லை.

சேமிப்பதைப் பற்றியும் பெரிய இடத்துப் பாடம் உண்டு. 1969-இல் அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது பூமியில் பதிவான மூலக் காந்த நாடாக்களைப் பிற்காலத்தில் தேடினார்கள். அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுக்கு மறுபடியும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசா அறிவித்தது. நிலவுக்குப் போனவர்களுக்கே இப்படி என்றால், பீன்யாவில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையனை நாம் எந்த வாயால் திட்டுவது?

இதற்கு இரண்டு தரப்பிலிருந்து மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அனுபவசாலிகள் சிலர், “செட் பண்ணி வச்சதை யாரும் தொடக் கூடாது” என்று கருவியின் மேல் காகிதம் ஒட்டி வைப்பார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது. அரை நாள் உட்கார்ந்து வைத்த அமைப்பு ஒரு பொத்தானில் போய்விடும். அதற்குத்தான் அமைப்பையே ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. சேமித்து வையுங்கள், பிறகு யார் வேண்டுமானாலும் தொடட்டும். இளைஞர்களோ, “இப்ப எல்லாம் நெட்வொர்க்ல தானா சேவ் ஆயிடும் அங்கிள்” என்கிறார்கள். பெரிய நிறுவனங்களில் ஆகலாம். பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்தில், ஒரே கருவியை மூன்று ஷிப்டும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், பென் டிரைவ்தான் கதி.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான்.

வேலை தொடங்கும்போது கருவிக்குள் இருப்பதை முதலில் நகல் எடுங்கள். பிறகு டீஃபால்ட் செட்டப். பிறகு சதுர அலையில் சோதனை. அதன் பிறகே அளவு. சேமிக்கும்போது மூன்றாகச் சேமியுங்கள்: அறிக்கையில் ஒட்டுவதற்குப் படம், கணக்குப் போடுவதற்கு எண் பட்டியல், அதே சோதனையை நாளை மறுபடியும் செய்வதற்கு அமைப்புக் கோப்பு. படத்தை மட்டும் வைத்திருப்பவரிடம் நாளைக்கு ஒரு சந்தேகம் கேட்டால் பதில் இருக்காது.

கருவி தானாக வைக்கும் பெயரில் வெறும் எண்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து எது எந்த போர்டு என்று யாருக்கும் தெரியாது. ஆண்டு, மாதம், நாள், போர்டு எண் என்ற வரிசையில் பெயர் மாற்றுங்கள்; பட்டியலில் தானாகவே காலவரிசையில் நிற்கும். கருவியின் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால், சில கருவிகளில் கோப்பின் தேதி 1980 ஜனவரி 1 என்று விழும். பழைய டாஸ் காலத்துக் கோப்பு முறை அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது. அந்தத் தேதியில் நானே டிப்ளமோ முடிக்கவில்லை!

பென் டிரைவை எழுதி முடிக்கும் முன் பிடுங்காதீர்கள். பழைய கருவிகள் பெரிய, புது வகை டிரைவ்களைப் படிக்காமல் போகலாம். ஒரு சிறிய டிரைவைக் கருவிக்கென்றே ஒதுக்கி வையுங்கள். வீட்டுக்குப் போகும் முன், சேமித்த கோப்பு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல.

எஸ்.பி. ரோட்டில் பழைய கருவி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வரும் பிள்ளைகளுக்கும், பழைய கருவியை விற்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே யாருடைய கோப்பு இருக்கிறதோ! விற்கும் முன் எடுத்து வைத்து, பிறகு துடையுங்கள். கைப்பேசியை மாற்றும் குடும்பத் தலைவிகளுக்கும் இதேதான். பேரக் குழந்தையின் முதல் புகைப்படம் அதற்குள் இருக்கும்.

ரயில்வேயில் சிக்னல் கருவி ஒன்றைப் பழுதுபார்க்கக் கழற்றும் முன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுப்போம். வேலை முடித்து, சோதித்து, ரீகனெக்‌ஷன் மெமோ கொடுத்த பிறகுதான் அது மறுபடியும் பயனுக்கு வரும். என்ன கழற்றினோம், எப்படித் திருப்பி வைத்தோம் என்பதற்குக் கையெழுத்து இருக்கும். ஒவ்வொரு சோதனைக் கருவியின் பக்கத்திலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும், கயிற்றில் கட்டிய பேனா ஒன்றும் போதும். யார் எடுத்தார், எதை மாற்றினார், கோப்புகள் எங்கே வைக்கப்பட்டன என்று மூன்று வரி எழுதச் செய்யுங்கள். பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும் மாணவர் நோட்டில் விடையோடு அமைப்பையும் எழுதினால்தான் மதிப்பெண் என்று வைத்தால் நல்லது. நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் பலர் இருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் என்ன? நான் வரத் தயார்.

அந்தத் தருமபுரிப் பையன் சில மாதம் அலைந்து, இப்போது வேறொரு இடத்தில் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். புது இடத்தில் கருவியின் பக்கத்தில் தானே ஒரு நோட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னான். “முதல் வரி என்ன எழுதினே?” என்று கேட்டேன். “நகல் எடுத்தாச்சு, அப்புறம்தான் டீஃபால்ட், அப்படின்னு எழுதினேன் சார்” என்றான். இதை நான் அன்று காலையில் போனிலேயே சொல்லியிருந்தால், அவனுக்கு அந்தச் சில மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.